யார் சொன்ன தேதி

என் மனைவி பங்கஜத்துக்கு ஆக்லாந்தில், எல்லர்ஸ்லி பகுதியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அது பிழைப்புக்கு. அவள் உயிரை வைத்திருப்பது 'நம்ம பலகை' என்ற வலைப்பக்கத்தில். ஆக்லாந்தின் தமிழ்ச் சங்கங்கள், கோயில்கள், மாணவர் குழுக்கள், கூடவே யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத் தளம் ஒன்று. இவற்றில் எது புதிதாக வந்தாலும் அது தானாகவே வந்து இங்கே ஒரே பட்டியலில் விழும்.

முதலில் ஒவ்வொரு செய்திக்கு மேலும் அது வந்த தளத்தின் பெயர் இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் தங்கள் சங்கத்துச் செய்தியை மட்டும் திறந்தார்கள். நம் தமிழ்நாட்டுக்காரர்கள் தங்களுடையதை மட்டும். பங்கஜத்துக்கு வந்ததே கோபம்! எல்லாப் பெயரையும் தூக்கிவிட்டாள்.

"இப்ப படிக்கட்டும், யார் எழுதினதுன்னு தெரியாம!"

படித்தார்கள். இரண்டு வருஷமாக எல்லாரும் எல்லாவற்றையும் படித்தார்கள். "பேர் இல்லாத சேதியை எப்படி நம்புறது?" என்று நான் கேட்டேன். என் பேச்சு எடுபடவில்லை. வீட்டில் அது எடுபட்ட வரலாறும் இல்லை.

நியூ லின் பகுதியில் இருக்கும் சபாரத்தினம் அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர். போன வருஷம் அவர் மனைவி ரதிதேவி காலமானார். முதல் வருஷத் திவசத்துக்கான திதி எந்தத் தேதியில் என்று எங்கள் பலகையில் பார்த்திருக்கிறார். அந்தத் திதிப் பட்டியலோ யாழ்ப்பாண நேரத்துக்குக் கணித்தது. மேலே பெயர் இல்லை. இங்குள்ள கோயில் போட்டது என்று நம்பி, மகன் பிரணவனை லீவு போடவைத்துக் காலையிலேயே கோயிலுக்குப் போயிருக்கிறார். ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, "இங்கத்தைய நேரப்படி நாளைக்குத்தான் திதி" என்றாராம்.

அண்ணன் கோயில் வாசலிலிருந்தே பங்கஜத்தைப் போனில் அழைத்தார்.

"தங்கச்சி, இந்தத் திகதியை ஆர் சொன்னது?"

"யாழ்ப்பாணப் பஞ்சாங்கம்ண்ணே. பேரை எடுத்தது நான்தான். தப்பு என் மேலதான்."

"அவவுக்குச் செய்யிற முதல் கடமை இது. நல்லகாலம், ஒரு நாள் முந்திப் போச்சு. பிந்தியிருந்தா நான் என்ன செய்திருப்பன்?"

இவள் போனை வைத்துவிட்டு அழுதாள்.

அன்று ஆபீசுக்குப் போகவில்லை. ஒவ்வொரு செய்திக்கு மேலும் அதன் சொந்தத் தளத்தின் பெயரைத் திரும்பக் கொண்டுவந்தாள். திதிக்குப் பக்கத்தில் எந்த ஊர் நேரம் என்பதையும் போட்டாள்.

"இனிமே பழையபடி அவங்கவங்க அவங்கவங்க பக்கம் போயிடுவாங்க, பாருங்க" என்றாள். அதே பயம்தான் எனக்கும்.

மறுநாள் திவசத்துக்கு அண்ணன் எங்களையும் அழைத்திருந்தார். கோயிலில் எல்லாம் முறையாக முடிந்தது. வீட்டில் இலை போடுவதற்கு முன், அண்ணன் போனை எடுத்துக்கொண்டு பங்கஜத்திடம் வந்தார். மறுபடியும் என்ன தப்போ என்று நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

"தங்கச்சி, எந்த ரயில் ஓடாது, பதிலுக்கு எந்த பஸ் எண்டு உங்கட பலகையில கிழமைக்குக் கிழமை வருமே. அதை எங்கட ஆக்கள் போடினம் எண்டல்லோ நினைச்சன். இப்ப ஒடாஹுஹு மாணவர் குழு எண்டு பேர் கிடக்கு. தமிழ்நாட்டுப் பிள்ளையளோ?"

"ஆமாண்ணே. படிக்க வந்த பசங்க."

அவர் அந்தப் பெயரைப் பங்கஜத்திடம் காட்டினார்.

"அவ ஆஸ்பத்திரியில கிடந்த மூண்டு மாசமும் இதைப் பாத்துத்தான் அங்க போக வெளிக்கிட்டனான். ஒரு நாளும் பிந்தேல்லை. கடைசி நாளும் பக்கத்தில இருந்தனான். ஆருக்கு நன்றி சொல்லுறதெண்டு தெரியாமல் இருந்திட்டன்."

பங்கஜம் அந்தப் பெயரைத் தொட்டாள். குழுவின் பக்கம் திறந்தது. அதில் இருந்த எண்ணை அழைத்தாள். தாரிணி என்ற மாணவி எடுத்தாள். அண்ணன் போனை வாங்கிக்கொண்டார்.

"பிள்ளை, நீங்கள் எத்தினை பேர்? இன்னும் சாப்பிடேல்லைத்தானே?"