டிகாஷன் இறங்காத தோட்டம்

வைட்ஃபீல்டில் நாங்கள் வாங்கியது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தரைத்தள வீடு. பால்கனிக்கு எதிரே பொதுத் தோட்டத்துக்கென்று முப்பதுக்கு நாற்பது அடி மனை அளவுக்கு வெறும் மண் இருந்தது. அதற்காகவே வாங்கினோம். மழை பெய்தால் அந்த மண்ணில் மூன்று நாள் தண்ணீர் நிற்கும் என்பதைத் தரகர் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற இன்ஜினியரான எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர், கொசுத் தொல்லை தாங்காமல், மாதக் கூட்டத்தில் "இண்டர்லாக் டைல்ஸ் போட்டு மூடிடலாம்" என்றார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். எழுந்து, "அடுத்த கூட்டத்துக்குள்ள தண்ணி நிக்காம பண்ணிக் காட்டறேன். முடியலன்னா டைல்ஸ் போட்டுக்குங்க" என்று சவால் விட்டேன். மண்ணைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அது செருப்பில் ஒட்டும் என்பதுதான்.

மண்ணை உழுகிற பவர் டில்லரை வாடகைக்கு எடுத்து மூன்று முறை ஓட்டினேன். மண் சலித்த மாவாகிவிட்டது. படம் எடுத்துக் குடியிருப்போர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். சுவர் ஓரத்து மூலைக்குள் மட்டும் டில்லர் நுழையவில்லை. அங்கே பெருக்குகிற அம்மா காய்ந்த இலைகளைக் குவித்து வைத்திருந்தார். அதையும் படம் எடுத்து, "இதுதான் சுத்தமா?" என்று எழுதினேன். துப்புரவு வேலைகளைப் பார்க்கும் சூப்பர்வைசர் என் கண்ணெதிரிலேயே அவரைத் திட்டி, குவியலை அள்ள வைத்தார். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

அடுத்த மழையில் என் மாவு முழுவதும் களியாகி, காய்ந்ததும் அப்பளமாக இறுகியது. அதற்கடுத்த மழைக்குத் தண்ணீர் முன்பைவிட ஒரு விரற்கடை அதிகமாக நின்றது. குரூப்பில் யாரோ, "லேக் வியூ ஃப்ளாட் என்ன ரேட்?" என்று கேட்டிருந்தார்.

அன்று காலை காபி ஃபில்டரிலும் டிகாஷன் இறங்கவில்லை. அதன் தலையில் நாலு தட்டு தட்டினேன். என் மனைவி சொன்னாள்: "பொடிய அவ்ளோ நைசா அரைச்சு, அந்த அமுக்கு அமுக்கினா எப்படி இறங்கும்? தண்ணி போறதுக்கு சந்து வேணாமா?"

நான் ஜன்னல் வழியே தோட்டத்தைப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

தண்ணீர் வடிந்ததும், பழைய பெயிண்ட் டின்னின் அடியை வெட்டி எடுத்துவிட்டு, நான் உழுத இடத்தில் அழுத்தி, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினேன். உள்ளே போய் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தேன். தண்ணீர் அப்படியே இருந்தது. பிறகு சுவர் ஓரத்து மூலையில் ஊற்றினேன். ஃபோனில் டைமரைத் தொடுவதற்குள் காணோம். டின்னின் பக்கவாட்டில் ஓட்டையோ என்று திருப்பிப் பார்த்து, மறுபடி ஊற்றினேன். மறுபடியும் காணோம். கரண்டியால் தோண்டியபோது மண் புட்டு போல உதிர்ந்தது. இடையிடையே மண்புழு போன துளைகள், வேர் மக்கிய துளைகள். இலைப் போர்வைக்கு அடியில் புழுக்கள் வருஷக்கணக்காகக் கட்டிய சந்துகள் அவை. மீதித் தோட்டத்துச் சந்துகளை எல்லாம் நானே இடித்து, அந்தத் தூளாலேயே அடைத்திருந்தேன்.

பெருக்குகிற அம்மாவைத் தேடிப் போனேன். "அந்த மூலைல எத்தனை வருஷமா இலை போடறீங்க?"

"நான் போடல சார்," என்றார் உடனே. "நீங்க போட்டோ எடுத்ததுலேர்ந்து அந்தப் பக்கமே போகல. சும்மா பேஜார் எதுக்கு?"

எனக்கு வெட்கமாக இருந்தது. விஷயத்தைச் சொல்லி, தோட்டம் முழுக்க இலை போட முடியுமா என்று கேட்டேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு யோசித்தார்.

"போடறேன் சார். ஆனா நீங்க குரூப்புல எழுதுங்க. போன தடவை மாதிரியே, போட்டோவோட."

நாலு முறை எழுதி அழித்தபின் அனுப்பினேன்: "இலைக் குவியலைப் பற்றிய என் புகார் தவறு. இந்தத் தோட்டத்தில் தண்ணீர் இறங்கும் ஒரே இடம் அதுதான்."

கூட்டத்தன்று மூலையில் செயலாளரே தண்ணீர் ஊற்றினார். அவரும் டின்னைத் திருப்பிப் பார்த்தார். என் சவால் தோற்றதுதான். மீதித் தோட்டத்தில் தண்ணீர் இன்னும் நின்றுகொண்டிருந்தது. ஆனாலும் டைல்ஸை ஒரு வருஷம் தள்ளி வைத்தார்கள். நிபந்தனை: ஈரத்தில் யாரும் மிதிக்கக் கூடாது, நான் டில்லர் பக்கம் போகவே கூடாது.

மறுநாள் காலை அந்த அம்மா இரண்டு மூட்டை இலையோடு வந்தார். சூப்பர்வைசர் பக்கத்தில் வரும்வரை காத்திருந்து, "சார், எங்க கொட்டட்டும்?" என்று உரக்கக் கேட்டார்.

"உங்க இஷ்டம்மா," என்றேன் நானும் உரக்க.

நேராக என் பால்கனிக்கு முன்னால் வந்து, இரண்டு மூட்டையையும் கவிழ்த்தார்.