மஞ்சள் பட்ட அட்டை

விளிம்பு வெட்டப்பட்ட அட்டைக்கு எண் வழங்கப்பட மாட்டாது. வீரர்களின் படம் போட்ட பழைய பேஸ்போல் அட்டைகளைச் சோதித்து, ஒன்றிலிருந்து பத்து வரை தரமிட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் திருப்பி அனுப்பும் ஒரு நிறுவனத்தின் விதி இது. கழுவியது, அழுத்தியது, நிறம் பூசியது, வெட்டியது எல்லாவற்றுக்கும் ஒரே தீர்ப்புத்தான்: 'மாற்றப்பட்டது.' முப்பது வருடம் அரசாங்கத்தின் அனுமதிப்பத்திரப் பிரிவில் விதிகளைப் படித்தே சம்பளம் வாங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன், இது நன்றாக எழுதப்பட்ட விதி. ஓட்டை எதுவும் இல்லை. பின்பற்றுவதற்கு ஆள்தான் வேண்டும்.

சிறுவயதில் எங்கள் மேல்வீட்டில் இருந்த லூக், போன ஓகஸ்டில் தொலைபேசியில் அழைத்தான். தகப்பன் விட்டுப்போன அட்டையை அந்த நிறுவனத்துக்கு அனுப்பினானாம், எட்டு கிடைத்திருக்கிறதாம். எழுபது வருடத்து அட்டைக்கு எட்டு என்பது சாதாரண விஷயம் அல்ல. "அப்பா எவ்வளவு கவனமாக வைத்திருந்தார், பார்" என்றான். நான் வாழ்த்துச் சொல்லிவிட்டு வைத்தேன்.

அந்தக் காலத்து அட்டைகளை இன்று யாரும் அச்சிடுவதில்லை. ஆனாலும் உயர்ந்த எண் பெற்றவை வருடத்துக்கு வருடம் பெருகிக்கொண்டே போகின்றன என்று சேகரிப்பவர்கள் அதிசயப்படுகிறார்கள். இறந்துபோனவர்களின் பரண்களிலிருந்து வருகின்றன என்கிறார்கள் சிலர். குறைந்த எண் கிடைத்தவர்கள் உறையை உடைத்து, கூடிய எண் வரும்வரை அதே அட்டையைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஒரே ஓர் அட்டை எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். அது பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் வில்லரேப் பகுதியில் எங்கள் வீட்டுச் சாமித்தட்டிலிருந்து, லாசாலில் ஓர் அச்சகம் வழியாக வந்தது.

எனக்கு அப்போது பத்து வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடம் ஆகவில்லை. அப்பாவின் குடிவரவு விண்ணப்பம் இன்னும் கொழும்பில் கிடந்தது. மூன்று மாடி வீட்டின் நடுத்தட்டில் அம்மா, அக்கா, நான், அம்மாவின் தம்பியான மாமா என்று நான்கு பேர். மேல்தட்டில் லூக்கும் அவன் தாயும். துறைமுகத்தில் வேலை செய்த அவன் தகப்பன் முந்தின வருடம் இறந்திருந்தார். அவர் சிறுவனாக இருந்தபோது சூயிங்கத்தோடு கிடைத்த அட்டை அது. மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு விளையாட்டு வீரன் சிரிப்பான். லூக் அதைக் கால்சட்டைப் பையிலேயே கொண்டு திரிந்தான்; மூலைகள் மழுங்கிப்போய் நாய் கடித்தவை போல இருந்தன. பள்ளியில் எனக்குப் பிரெஞ்சு வராது. ஆசிரியை என்னைக் கேட்கும் கேள்விக்கும் அவன்தான் பதில் சொல்வான். எனக்கு இருந்த நண்பன் அவன் ஒருவன்தான்.

சரஸ்வதி பூசை வந்தது. புத்தகங்களைச் சாமித்தட்டில் வைத்தால் மூன்று நாள் தொடக்கூடாது, அதாவது படிக்கத் தேவையில்லை என்று லூக்குக்கு விளக்கினேன். அடுத்த திங்கள் எங்களுக்குக் கணக்குப் பரீட்சை.

"உங்கள் கடவுளுக்குக் கணக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

எல்லாம் தெரியும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அட்டையைப் பையிலிருந்து எடுத்துத் தந்தான். அவனிடம் இருந்ததில் பெரியது அதுதான்.

அதை என் கணக்குக் கொப்பியின் மேல் வைத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. பூசைக்கு வைக்கும் எதையும் அம்மா பொட்டு வைக்காமல் விடுவதில்லை. அந்நாளில் இங்கே சந்தனம் கிடைப்பது அரிது. ஆகவே மஞ்சளைக் குழைத்து, அக்காவின் புவியியல் புத்தகம், மாமாவின் கார் ஓட்டும் கையேடு, லூக்கின் அட்டை என்று பேதம் பார்க்காமல் நான்கு மூலைகளிலும் வைத்தாள். தொடக்கூடாது என்ற விதியை நான் ஒழுங்காகப் பின்பற்றினேன். விஜயதசமி காலையில்தான் பார்த்தேன். ஈரத்துணியால் துடைத்தேன். மஞ்சள் இன்னும் பரவியது.

"படிப்புச் சாமான் எண்டெல்லோ நினைச்சன்" என்றாள் அம்மா. "ஆற்றையடா இது?"

"லூக்கின்ர அப்பான்ர."

அம்மா கதிரையில் இருந்துவிட்டாள்.

மாமா வேலையால் வந்து அட்டையை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். "அழாதை. சேலையிலை பட்ட மஞ்சள் வெய்யிலுக்குப் போறதெல்லோ?"

"அது சேலையே, மொக்கு?" என்றாள் அம்மா.

ஆனால் மாமா சொன்னது சரியாக இருந்தது. இரண்டு நாள் யன்னல் வெய்யிலில் கிடந்ததில் மேற்பரப்பு வெளுத்துவிட்டது. விளிம்புதான் அசையவில்லை. பூச்சில்லாத ஓரம் மஞ்சளை உறிஞ்சி உள்ளே வைத்துக்கொண்டுவிட்டது. இதற்கிடையில் படிகளில் என்னைக் கண்ட போதெல்லாம் லூக் கேட்டான்; பரீட்சை முடியும்வரை எடுக்கக்கூடாது என்று நான் ஒரு விதியை உண்டாக்கினேன். என் உத்தியோக வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது.

சனிக்கிழமை மாமா என்னை லாசாலுக்குக் கூட்டிப் போனார். அவர் வேலை செய்த அச்சகத்தில் காகிதக் கட்டுகளைத் தறிக்கும் பெரிய இயந்திரம் ஒன்று இருந்தது. அட்டையை இரண்டு தடித்த கடதாசிகளுக்கு நடுவே வைத்து, கண்ணை ஒடுக்கி, மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். "மூச்சு விடாதை." நான்கு வெட்டு. ஒவ்வொரு தடவையும் இடியப்ப நூலிலும் மெல்லிய மஞ்சள் நூல் ஒன்று விழுந்தது. மழுங்கிய மூலைகளும் அதோடு போய், புது மூலைகள் கத்தி போல வந்தன.

"புதுப் பொம்பிளை மாதிரி இருக்கு" என்றார் மாமா. "ஆருக்கும் சொல்லாதை."

திங்கள் பின்னேரம் அட்டையைக் கொடுத்தேன். லூக் ஒரு மூலையில் விரலை வைத்து நெடுநேரம் தடவினான். அதற்குப் பிறகு அவன் அதைப் பையில் வைத்ததே இல்லை. ஒரு தடித்த அகராதிக்குள் வைத்தான். கணக்கிலும் சித்தியடைந்தான். குற்றம் செய்து தப்பியவன் என்ற பட்டத்தோடு நான் நாற்பது வருடம் வாழ்ந்தேன்.

போன ஓகஸ்டில் அந்த எட்டு வந்ததும் பட்டம் கனக்கத் தொடங்கியது. நிறுவனத்துக்கு எழுதினேன்: விதியைக் குறிப்பிட்டு, இயந்திரத்தின் வகையைச் சொல்லி. இரண்டு நிமிடத்தில் தானியங்கிப் பதில்: மறுபரிசீலனைக்கு உரிமையாளர் மட்டுமே விண்ணப்பிக்கலாம். குறை சொல்ல முடியாது. நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

ரொக்ஸ்பரோவில் இருக்கும் மாமாவிடம் போனேன். அவருக்கு இப்போது எண்பது.

"எட்டோ?" என்றார். "நான் பத்துக்கெல்லோ வெட்டினனான்."

"லூக்குக்குச் சொல்லப்போறன், மாமா."

"சொல்லன். ஆர் மறிச்சது?"

லூக்குக்கு நான்கு பக்கம் எழுதினேன். ஒரு மனிதனிடமிருந்து தகப்பனின் கவனத்தைப் பறிக்கும் கடிதத்துக்குப் படிவம் எதுவும் கிடையாது. அனுப்பிய பின் காத்திருந்தேன். இலைகள் உதிர்ந்தன, பனி விழுந்தது. அவன் தொலைபேசியும் எடுக்கவில்லை. நண்பனை இழந்துவிட்டேன் என்று முடிவு செய்தேன்.

வந்தது ஒரு பக்கம்தான். அவன் இலையுதிர்காலம் முழுவதும் இறந்துபோன தாயின் சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தானாம். இனி வருவதெல்லாம் தாய் சாவதற்கு முன் அவனுக்குச் சொன்னதுதான்: அட்டையை வெட்டிய சனிக்கு முதல்நாள் வெள்ளிக்கிழமை, நான் பள்ளியில் இருந்த நேரம், மாமா மேலே ஏறிப்போயிருக்கிறார். அவருக்குப் பிரெஞ்சு இல்லை, அவளுக்கு ஆங்கிலம் இல்லை. மஞ்சள் ஓர அட்டையை மேசையில் வைத்துவிட்டுக் கைகளைக் கூப்பிக்கொண்டு நின்றாராம். அவள் அதை எடுத்து ஓரத்தைத் தடவிப் பார்த்திருக்கிறாள். பிறகு இரண்டு விரல்களைக் கத்தரிக்கோல் போல அசைத்துக் காட்டியிருக்கிறாள். பையில் போட்டுத் தேய்த்தே மகன் அதை இல்லாமலாக்கிவிடுவான் என்பது அவள் கவலை; பையில் வைக்கப் பயப்படும்படி அழகாக்கித் தந்தால் போதும் என்று நினைத்தாளாம்.

"கவனமாக வைத்திருந்தது அப்பா அல்ல என்று எனக்குத் தெரியும்" என்று எழுதியிருந்தான் லூக். "உன் மாமாவின் கையைக் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்க்கத்தான் அனுப்பினேன். அப்பாவைப் பற்றிச் சொன்னது, நீ எப்போது வாய் திறப்பாய் என்று பார்க்க."

எனக்காகத்தான் எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். இரண்டு பிள்ளைகளும் பழையபடி படிகளில் ஒன்றாக ஏறி இறங்கவேண்டும் என்று, பாஷை ஒத்துவராத இரண்டு பெரியவர்கள் ஒரு சமையலறையில் தீர்மானித்திருக்கிறார்கள். பத்து வயதில் நான் அதைக் கெட்டித்தனம் என்று நினைத்தேன், என்னுடைய கெட்டித்தனம் என்று.

உத்தியோகப் பழக்க தோஷத்தில் கடிதம் கிடைத்த தேதியை அதன் மேல்மூலையில் குறித்தேன்: டிசம்பர் பதினொன்று, வியாழக்கிழமை.