எண் மட்டும் போட்ட உப்புப் பாக்கெட்

அம்சவல்லி என்று கேட்டால் அந்தக் காலனியில் பலருக்குத் தெரியாது. 'கேன் அக்கா' என்றால் உடனே கை காட்டுவார்கள். நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர்கள் குடியிருக்கும் அறுபது வீடுகள் அவள் பொறுப்பு.

கம்மாபுரத்துக்காரி. பண்ருட்டியில் ஆறு வருஷம் முந்திரி உடைத்தவள். பன்னிரண்டாவது முடித்திருந்ததால், உப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்த ஒரு மருத்துவக் குழு அவளைச் சேர்த்துக்கொண்டது. ஒருவர் எவ்வளவு உப்பு சாப்பிடுகிறார் என்று அவரையே கேட்டால் சரியாக வராது. ஒரு நாள் முழுக்கப் போகும் சிறுநீரைச் சோதித்தால் தெரிந்துவிடும். அதற்குத்தான் கேன்.

"காலையில மொதல்ல போறத வுட்டுடுங்க. அப்பறம் மறுநா காலை வரைக்கும் ஒரு சொட்டு வுடாம இதுல புடிங்க" என்று அவள் சொல்லும்போது ஆண்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

மாதம் ஒருமுறை வீட்டுக்கு வீடு உப்புப் பாக்கெட் கொடுத்து, இரத்த அழுத்தம் பார்ப்பாள். பாக்கெட் எல்லாம் ஒரே வெள்ளை. மேலே எண் மட்டும். சில வீடுகளுக்குச் சாதாரண உப்பு. சில வீடுகளுக்குச் சோடியத்தைக் கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தில் பொட்டாசியம் சேர்த்த உப்பு. எந்த வீட்டுக்கு எது என்று அவளுக்கே தெரியாது.

நான்காம் மாதம், கண்ணையன் வீட்டுக்குப் போனாள். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் மண் அள்ளும் வேலை அவனுக்கு. அன்று ஷிப்டுக்குப் போகாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"என்னாண்ணே, ஒடம்புக்கு?"

"ஒன்னுமில்ல. அசதி."

உள்ளே அவன் மனைவி மணிமொழி குரலைத் தாழ்த்தினாள். "நாலு நாளா கால்ல தெம்பே இல்லக்கா. செவுத்தப் புடிச்சிக்கினுதான் எழுந்திரிக்கிறாரு. எளநியாவது வாங்கிக் குடுக்கலாம்னா, டாக்டரு அத வேற தொடக்கூடாதுன்னுட்டாரு."

"எந்த டாக்டரு?"

மணிமொழி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்சவல்லிக்குப் பயிற்சியில் சொன்னது நினைவுக்கு வந்தது: சிறுநீரகம் கெட்டவர்களால் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது, இளநீரும் ஆகாது, இந்தப் புது உப்பும் ஆகாது.

வெளியே வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். "அண்ணே, ஒங்களுக்கு கிட்னியில கோளாறு இருக்கா?"

"கேம்ப்லயே இல்லன்னு சொன்னனே."

"இப்ப சொல்லுங்க."

தெருப் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு, "ரெண்டு வருசமா இருக்கு. அன்னிக்கு எனக்குப் பின்னால கான்ட்ராக்டரு சூப்பர்வைசர் நின்னுக்கினு இருந்தாரு. நோயாளின்னு தெரிஞ்சா என்னை வச்சிக்குவாங்களா?" என்றான்.

ஆராய்ச்சிக்கு ஆள் சேர்த்த கேம்ப்பில் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து அந்தக் கேள்வியைக் கேட்டவள் அம்சவல்லிதான். 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டதும் அவள் கைதான்.

உப்புப் பாக்கெட்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, திட்ட அதிகாரி செந்தில்நாதனுக்கு போன் செய்தாள்.

"நல்ல வேலை செஞ்சீங்க. பாக்கெட்டைத் திரும்பக் குடுக்காதீங்க. நாளைக்கு நம்ம டாக்டரே வந்து பாப்பாரு."

"நாளைக்கு வேணாங்க சார். கால்ல தெம்பில்ல. இப்பவே இட்டுக்கினு போறேன்."

"சரி, கிளம்புங்க. நானும் நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடறேன்."

ஆட்டோவில் ஏற மாட்டேன் என்று கண்ணையன் அடம்பிடித்தான். "எல்லாத்துக்கும் தெரிஞ்சிடும். எம் பொழப்பக் கெடுக்கவா வந்த?"

"ஃபாரத்துல ஒங்க பேரே இல்லண்ணே, நெம்பர்தான். எழுந்திரிங்க." மணிமொழி ஒருபுறம், இவள் ஒருபுறம் தாங்கி ஏற்றினார்கள்.

இரத்தத்தில் பொட்டாசியம் ஏகத்துக்கு ஏறியிருந்தது. இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தது. ஊசி போட்டு ஐந்து நாள் படுக்க வைத்தார்கள். எந்த எண்ணுக்கு எந்த உப்பு என்று மூடி வைத்திருந்த பட்டியலில் அவன் எண்ணை மட்டும் பிரித்துப் பார்த்ததில், அது புது உப்புதான்.

"ஃபாரத்தைத் தப்பாப் போட்டது நான்தாங்க சார்" என்றாள் அம்சவல்லி, ஆஸ்பத்திரி நடையில்.

செந்தில்நாதன் தலையசைத்தார். "நீங்க மட்டும் இல்லம்மா. வரிசையில நிக்க வச்சு கேக்கச் சொன்னது நாங்க. மொதல்லயே எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பாத்திருக்கணும்."

அடுத்த பத்து நாள் எந்த வீட்டுக்கும் உப்பு போகவில்லை. அம்சவல்லி அறுபது வீட்டுக்கும் மறுபடி போனாள். இம்முறை அடுக்களையில் உட்கார்ந்து, ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டாள். எல்லோருக்கும் இரத்தமும் எடுத்தார்கள். இன்னும் இரண்டு பேருக்குச் சிறுநீரகக் கோளாறு இருப்பது தெரிந்தது. அதில் ஒருத்தி, பொன்னம்மாள், தனக்கு நோய் இருப்பதையே அன்றுதான் அறிந்தாள்.

கண்ணையன் ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினான், மஞ்சள் காமாலை என்று சொல்லி. அம்சவல்லியிடம் மட்டும் முகம் கொடுக்கவில்லை. அவள் தெருவில் வந்தால் உள்ளே போய்விடுவான். அவளும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பட்டியலில் இருந்து அவன் எண்ணை எடுத்தாயிற்று, அந்த வீட்டில் அவளுக்கு வேலையும் இல்லை.

மழை பிடித்த ஐப்பசியில் ஒரு நாள் அவனே வாசலில் நின்று கூப்பிட்டான். "பிரசர் மிசினு வச்சிருக்கியா? பாரு."

பார்த்தாள். கொஞ்சம் கூடுதல்தான், முன்னைக்குப் பரவாயில்லை. "ஊறுகா துன்றீங்களா?"

"கொஞ்சமா."

"அதையும் வுடுங்க" என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.