அந்தோணிசாமி சார் தேய்க்காத காசு

அந்தோணிசாமி சார் இறந்த செய்தி, அடக்கம் முடிந்து நான்கு நாள் கழித்து, ஒரு தபால் கார்டில் வந்தது. சாவுச் செய்தி வந்த கார்டைப் படித்ததும் கிழித்துப் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். இதைக் கிழிக்க மனம் வரவில்லை. அவர்மேல் எனக்குள்ள கோபமும் இன்னும் தீரவில்லை.

இந்த நினைவு மலரைப் படிக்கும், அவரோடு நம் கல்லூரியில் வேலை பார்த்த உங்களுக்கு அவருடைய பித்து தெரியும். சரித்திர ஆசிரியர். ஐரோப்பாவில் கிறிஸ்தவ சபை இரண்டாகப் பிளந்த காலத்தில் ஜெர்மன் சிற்றரசுகள் அடித்த வெள்ளிக் காசுகள் என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். பழங்காசை யாரும் தேய்க்கக் கூடாது என்பார். "மேல படிஞ்ச அந்தக் கறுப்புதாங்க சாட்சி. தேய்ச்சா காசு ஊமையாயிடும்." அப்போது புதிதாக வேலையில் சேர்ந்திருந்த எனக்கு அது தெரியாது.

விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கூலிப் போராட்டம் உச்சத்தில் இருந்த வருடம். கீழ்வேளூர் பக்கம் வாய்க்கால் தூர்வாரிய மாரியப்பன், சேற்றில் கிடைத்த ஒரு காசைக் கல்லூரிக்குக் கொண்டுவந்தார். சார் அன்று ஊரில் இல்லை. வாங்கி வைத்த நான், எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று, வெள்ளிக் குங்குமச் சிமிழைத் தேய்ப்பது போலத் திருநீறு போட்டுத் தேய்த்துவிட்டேன். மறுநாள் பார்த்த சார் திட்டவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"ஜெர்மனி பக்கத்துச் சாக்சனிக் காசும்மா. ஏதோ ஐரோப்பியக் கப்பல்ல நம்ம கரைக்கு வந்திருக்கும். ஒரு பக்கம் ராஜா, மறுபக்கம் அவரோட பங்காளி. ஒரே காசுல முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறாங்க பாருங்க."

விஷயம் பரவியது. அந்தக் காசு தன் வீட்டுப் பெட்டியிலிருந்து திருடுபோனது என்று அந்த ஊர் மிராசுதார் புகார் கொடுத்தார். சங்கத்தில் சேர்ந்த மாரியப்பனை உள்ளே தள்ள அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. சாருடன் நானும் ஸ்டேஷனுக்குப் போனேன்.

"சேத்துல கிடந்ததுங்கறீங்க. இப்படிப் பளபளங்குதே சார்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் சார் பக்கம் திரும்பினேன்.

"நான்தாங்க தேய்ச்சேன்" என்றார் சார்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "பழங்காசைத் தேய்க்கக் கூடாதுன்னு எம்பொண்ணு ஸ்கூல்ல வந்து பேசினவரே நீங்கதான். யாரைக் காப்பாத்த இந்தப் பொய்?"

மாரியப்பன் ஆறு மாதம் சிறையில் இருந்தார். காசு மிராசுதார் வீட்டுக்குப் போனது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று எத்தனையோ முறை சாரிடம் போய் நின்றேன். "உங்க வேலை போயிடும்மா, விடுங்க" என்பார். உடனே காசுப் பேச்சுக்குத் தாவிவிடுவார். தானே முடிவு செய்து என் வாயை அடைத்துவிட்டாரே என்று எரிச்சலாக வரும். அடைபட்டிருப்பது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

சாருடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஒரு பொய்தான். இனியும் அதை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. மாரியப்பன் இருக்கிறார். அவர் மகள் நம் கல்லூரியில்தான் படிக்கிறாள். இந்த மலர் அவள் கைக்கும் போகும். காசைத் தேய்த்தது நான்.