பத்தாவது ஸ்டிக்கர்

பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வயிற்றுவலி என்று எடுத்த ஸ்கேனில் கணையத்தின் வால்பக்கம் ஒரு கட்டி தெரிந்தது. புற்றுநோயாக இருக்கலாம் என்று சொல்லி, அந்த வாலையும் அதை ஒட்டியிருந்த மண்ணீரலையும் சேர்த்து வெட்டி எடுத்தார்கள்.

பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. பிறவியிலேயே மண்ணீரலின் ஒரு துணுக்கு இடம் மாறிக் கணையத்துக்குள் தங்கிவிட்டதாம். அதில் நீர் கோத்துக் கட்டியாகியிருக்கிறது. ரொம்ப அபூர்வம் என்றார் டாக்டர். அப்படியே விட்டிருந்தாலும் உயிருக்கு ஒன்றும் ஆகியிருக்காதாம்.

“அப்புறம் ஏனுங்க எடுத்தீங்க?”

“சந்தேகம்னு வந்துட்டா எடுத்துடறதுதாம்மா நல்லது.”

அவர் கன்னத்தில் அறையலாம் போலிருந்தது. ஆனால் அது நான் தினமும் சொல்கிற பேச்சு. பனியனில் லேசாகக் கறை தெரிந்தாலும் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ரிஜெக்ட் பெட்டியில் போட்டுவிட்டு, தைத்த பெண்ணிடம் அதைத்தான் சொல்வேன். ஒரே நாளில் பத்து ஸ்டிக்கர் விழுந்தால் அவளுக்கு மறுநாள் வேலை கிடையாது.

மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். முதல் நாளே, ஒன்பது ஸ்டிக்கர் வாங்கிய தெற்கத்திப் பெண் ஒருத்தி என் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“யக்கா, இது வெறும் மெஷின் எண்ணெய்க்கா. துவைச்சா போயிரும்.”

போய்விடும் என்று அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். வயிற்றுத் தழும்பைச் சொறிந்துகொண்டே பத்தாவதை உரித்து ஒட்டினேன்.