மூக்கு பாய்

ஆம்பூரில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியில் முக்தார் அகமதுக்கு இருபத்தாறு வருடமாக ஒரே வேலைதான்: குறை கண்டுபிடிப்பது. சாயம் ஏறிப் பளபளவென்று வந்து இறங்கும் தோல்களை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, உண்ணி கடித்த வடு, முள் கிழித்த கோடு, நரம்பு ஓடிய தடம் என்று விரலால் தடவித் தேடி, ஏ, பி, சி என்று தரம் பிரித்து அடுக்குவார். அந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கெட்டது என்னவென்றால், மேஜையை விட்டு எழுந்த பிறகும் அந்தக் கண் ஓயாது.

சம்பளமில்லாத வேலை ஒன்றும் அவருக்கு உண்டு. பேக்கிங் செக்‌ஷனுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட தொழுகை அறையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், முப்பது பேருக்கு முன்னால் நின்று தொழ வைப்பது. மதரஸாவில் ஓதிப் பட்டம் வாங்கியவர் இல்லை. தாடி இருந்தது, குர்ஆனில் கொஞ்சம் திருத்தமாக மனப்பாடம் இருந்தது, பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் முன்னே தள்ளி விட்டார்கள். அன்றைக்குக் கால் நடுங்கியது. முப்பது பேர் தொழுகை தன் கழுத்தில் இருக்கிறதே என்று வேர்த்துக் கொட்டியது. பிறகு நாளாக நாளாக நடுக்கம் நின்றுபோனது. அது நின்றதுதான் வினை.

நடுக்கம் போன இடத்தில் பெருமை வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது. பேர்ணாம்பட்டுப் பக்கம் போனாலும் 'தொழ வைக்கிற முக்தார் பாய்' என்றுதான் சொல்வார்கள். மகள் சானியாவுக்குச் சம்பந்தம் அமைந்ததே அந்தப் பேரில்தான். சம்பந்தி ரஷீத் அஹமது அதே கம்பெனியில் பேக்கிங் பார்ப்பவர். முதல் வரிசையில், வலது ஓரத்தில் நின்று தொழுவார்.

முதல் வரிசையில் சரியாக முக்தாருக்குப் பின்னால் நிற்பவன் தவ்ஃபீக். அடிப்பாகத்துக்குப் பசை பூசும் செக்‌ஷன். முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள், நேரத்துக்குச் சாப்பிடாமல் கெட்டுப்போன வயிறு. வயிறு கெட்டால் வாயு. வாயு பிரிந்தால் வுஜூ முறிந்துவிடும். அதாவது தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவிச் செய்துகொண்ட சுத்தம் போய்விடும், தொழுகையும் கூடாது. பாதியிலேயே விலகிப்போய்த் திரும்பக் கழுவிக்கொண்டு வரவேண்டும். இதில் மனிதனுக்குக் கூச்சம் இருக்கும் என்று மார்க்கத்துக்குத் தெரியும். அதனால்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே போ என்று சொல்லி வைத்திருக்கிறது. பார்க்கிறவன் மூக்கில் ரத்தம் என்று நினைத்துக்கொள்ளட்டும், மானம் காப்பாற்றப்படட்டும் என்று. முக்தார் இதைப் பலமுறை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

தவ்ஃபீக்கும் அப்படித்தான் போனான். ஒரே மாதத்தில் நாலாவது தடவை அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகியபோது, தொழுகை முடித்துத் திரும்பிய முக்தார் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "இன்னா தவ்ஃபீக், தினம் தினம் மூக்குல ரத்தமா? வேலூர் ஆஸ்பத்திரில காட்டு. இல்லன்னா பருப்பைக் கம்மி பண்ணு."

முப்பது பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவன் பேர் மூக்கு பாய். கேன்டீனில், பஸ்ஸில், டீக்கடையில் மூக்கு பாய். ஒரு நாள் கேட் வாசலில் அவனுடைய ஏழு வயது மகள் முன்னாலேயே எவனோ கூப்பிட்டான். முக்தாரும் அங்கேதான் நின்றிருந்தார், கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

இனி அந்தப் புதன்கிழமைக்கு வருவோம். மதியத் தொழுகையில் சத்தமாக ஓத மாட்டார்கள், அறையே நிசப்தமாக இருக்கும். பேக்கிங் பக்கத்து எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நாலு சுற்றுள்ள தொழுகையில் மூன்றாவது சுற்று, மூன்றாவது ரக்அத். சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்து எழும்போது முக்தாரின் வயிறு அவரைக் காட்டிக் கொடுத்தது. சின்னச் சத்தம்தான். வுஜூ முறிந்தது முறிந்ததுதான், சந்தேகத்துக்கு இடமே இல்லை.

செய்ய வேண்டியது என்ன என்பது அவருக்குத் தெரியும். பின்னால் நிற்பவனின் கையைப் பிடித்துத் தன் இடத்துக்கு இழுத்து விட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு விலக வேண்டும். ஆனால் பின்னால் நின்றவன் தவ்ஃபீக். மூக்கைப் பிடித்தால் அந்த அறையில் இனி அதற்கு ஒரே அர்த்தம்தான், அந்த அர்த்தத்தைக் கொடுத்தவரும் அவர்தான். கை நெஞ்சு வரை வந்து நின்றது. முப்பது பேரின் சிரிப்பும், சம்பந்தியின் முகமும் ஒரு நொடியில் கண்முன் வந்து போயின. கையைக் கட்டிக்கொண்டு நாலாவது ரக்அத்துக்கு எழுந்து நின்றார். முடித்து சலாம் கொடுத்தார். அல்லாஹ்வுக்குப் பயந்தவர் என்று ஊரெல்லாம் சொன்ன மனிதர், அன்றைக்கு அல்லாஹ்வின் முன்னால் நின்றுகொண்டு முப்பது பேருக்குப் பயந்தார்.

சாயந்தரம் வீட்டில் தன் தொழுகையை மட்டும் திருப்பித் தொழுதுகொண்டார். அதற்குப் பிறகுதான் பேஜாரே ஆரம்பித்தது. தன்னுடையது சரியாகிவிட்டது, மற்ற முப்பது பேரும் தொழுதுவிட்டோம் என்று நம்பிக்கொண்டு இருக்கிறார்களே.

சோறு இறங்கவில்லை. மனைவி தில்ஷாத் இரண்டு நாள் பார்த்தாள், மூன்றாம் நாள் கேட்டாள்: "உடம்புக்கு இன்னாங்க? வுஜூ செஞ்சா வெளிய வர்றதுக்குக் கால் மணி நேரம் ஆவுது. ஒரே கையை எத்தினி வாட்டிதான் கழுவுவீங்க?"

"ஒண்ணுமில்ல. வெயில் ஜாஸ்தி," என்றார் அவர். தாசில்தார் ஆபீஸ் பக்கமெல்லாம் மழை பெய்து ஓய்ந்திருந்தது அன்றைக்கு.

வாணியம்பாடியில் ஒரு ஹஸ்ரத் இருந்தார், முப்பது வயதுகூட ஆகாதவர், மார்க்கச் சட்டம் நன்றாகத் தெரிந்தவர். முக்தார் கம்பெனிக்குப் பின்புறம் போய், கழிவுத் தோல் மூட்டைகளுக்கு நடுவே நின்று போன் போட்டார். "என் தோஸ்த் ஒருத்தருக்கு ஒரு சந்தேகம்," என்று ஆரம்பித்து விஷயத்தைச் சொன்னார்.

"பின்னால தொழுதவங்க எல்லாரும் திருப்பித் தொழணும்ங்க. உங்க தோஸ்த் அவங்களுக்குச் சொல்லியே ஆவணும்," என்றார் ஹஸ்ரத். "எப்படி முறிஞ்சிச்சுன்னு விளக்க வேணாம். வுஜூ இல்லாம தொழ வச்சிட்டேன்னு சொன்னா போதும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "தோஸ்த் சரியா சாப்பிடுறாரா?" என்று கேட்டார்.

"இல்லீங்க," என்று சொல்லிவிட்டு முக்தார் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நாளைக்குச் சொல்லலாம், வெள்ளிக்கிழமை சொல்லலாம், சம்பளம் போட்ட பிறகு எல்லாரும் சந்தோஷமாக இருக்கும்போது சொல்லலாம் என்று ஓட்டியதில் அந்தப் புதன்கிழமை போய் ஒன்பது நாள் ஆகிவிட்டது. தினமும் தொழ வைத்தார். தினமும் திரும்பி உட்கார்ந்து வாயைத் திறந்தார், வேறு ஏதாவது சொன்னார். செருப்பை ஒழுங்காக விடுங்கள், குழாயை இறுக மூடுங்கள். ஜனங்களும் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

பத்தாம் நாள் காலையில் பக்கத்து மேஜை முனிரத்தினம் எழுந்து வந்தார். ஆலங்காயத்திலிருந்து தினம் வந்து போகிறவர், முக்தாரோடு ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர். ஏ கிரேடு அடுக்கிலிருந்து ஒரு தோலை உருவி ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டினார். நடுவில் விரல் நீளத்துக்கு முள் கோடு.

"இன்னா பாய் இது? பத்து நாளா ஒரு தோலைக்கூட நீ தள்ளல. எல்லாம் ஏ. வெளிநாட்டுப் பார்ட்டி வந்து பார்த்தா உன் சீட்டும் கிழியும், என் சீட்டும் கிழியும்."

முக்தார் அந்தக் கோட்டைப் பார்த்தார். "தள்றதுக்கு எனக்கு இன்னா தகுதி இருக்குது முனிரத்தினம்?" என்றார்.

"தகுதியா? அது கம்பெனி குடுத்த வேலை. உனக்கு மனசுல எதுனா இருந்தா, எவன்கிட்ட சொல்லணுமோ அவன்கிட்ட சொல்லிட்டு வந்து உக்காரு. தோலை ஏன் கெடுக்கிற?" முனிரத்தினம் அந்த அடுக்கு மொத்தத்தையும் தன் மேஜைக்கு இழுத்துக்கொண்டு திரும்பப் பார்க்க ஆரம்பித்தார்.

எவன்கிட்ட சொல்லணுமோ அவன்கிட்ட. முதலில் சொல்ல வேண்டியது முப்பது பேரிடம் இல்லை, ஒருவனிடம் என்று முக்தாருக்கு அப்போதுதான் உறைத்தது. பத்தரை மணி டீ நேரத்தில் பசை செக்‌ஷனுக்குப் போனார். தவ்ஃபீக் ஜன்னலோரம் நின்று டீயை ஆற்றிக்கொண்டிருந்தான். மாஸ்க் போட்ட தடம் முகத்தில் சிவப்பாக இருந்தது.

"தவ்ஃபீக், போன வாரம் புதன்கிழமை மதியம் ஜொஹர்ல..." அதற்கு மேல் வரவில்லை.

"மூணாவது ரக்அத்," என்றான் தவ்ஃபீக்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் முக்தார்.

"உங்களுக்குப் பின்னாலதானே பாய் நிக்கிறேன். ஃபேன் சத்தம் மத்தவங்களுக்குத்தான். உடனே உங்க பின்னால தொழுற நிய்யத்தை விட்டுட்டேன், சும்மா உங்களோட குனிஞ்சி எழுந்தேன். அப்புறமா போய் தனியா தொழுதுக்கிட்டேன்."

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

தவ்ஃபீக் டீயைக் கீழே வைத்தான். "சொல்லலாம்னுதான் வந்தேன். யார் காதுலயாச்சும் விழுந்துட்டா உங்களுக்கும் ஒரு பேர் வச்சிருவாங்க. அந்தப் பேரோட வீட்டுக்குப் போறது எப்படின்னு எனக்குத் தெரியும். உங்களுக்கு அது வேணாம்னு இருந்துட்டேன்." பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனா தினமும் நீங்க சலாம் குடுத்துட்டுத் திரும்புவீங்க இல்ல, இன்னைக்குச் சொல்லிருவார்னு பார்ப்பேன். நீங்க குழாயை மூடச் சொல்லுவீங்க," என்றான்.

அடித்திருந்தால்கூட முக்தார் தாங்கியிருப்பார். தான் ஊர் முன்னால் வைத்து மானத்தை வாங்கிய ஒருவன், தன் மானத்தைப் பத்து நாளாகப் பொத்திப் பாதுகாத்துக்கொண்டு, தன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். அவர் அழுதார். மெஷின்கள் நின்றிருந்த நேரம், அழுதது அந்த வரிசைக்கே கேட்டது.

அன்று மதியம் பாங்கு சொல்லி முடிந்ததும் முக்தார் முன்னால் நின்றார், ஆனால் தொழ வைக்கத் திரும்பவில்லை. முப்பது பேரின் முகத்தையும் பார்த்து நின்றார். கால் நடுங்கியது, பதினோரு வருடத்துக்கு முந்தைய அதே நடுக்கம்.

"அந்தப் புதன்கிழமை வுஜூ இல்லாம உங்களுக்குத் தொழ வச்சிட்டேன். நடுவுல காத்து பிரிஞ்சிருச்சி. மூக்கைப் பிடிச்சிட்டுப் போயிருக்கணும், உங்களுக்கு வெக்கப்பட்டுக்கிட்டு நின்னுட்டேன். எல்லாரும் அந்தத் தொழுகையைத் திருப்பித் தொழணும்." எப்படி முறிந்தது என்று சொல்ல வேண்டியதில்லை என்று ஹஸ்ரத் விட்டுக்கொடுத்த இடத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. "தவ்ஃபீக் ஒழுங்கா செஞ்சதுக்கு நான் அவனை அசிங்கப்படுத்தினேன். இனிமே அவனை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுறவங்க என்னையும் அதே பேர் சொல்லித்தான் கூப்பிடணும்."

கடைசி வரிசையில் ஒருவனுக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாற்றிக்கொண்டான். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். முக்தார் தவ்ஃபீக்கின் கையைப் பிடித்துத் தன் இடத்துக்கு இழுத்து விட்டார். அன்றைக்கு மூன்றாவது ரக்அத்தில் செய்திருக்க வேண்டியது அது. தானும் போய்க் கடைசி வரிசையில் நின்றுகொண்டார். சைரன் ஊதுவதற்குள் இரண்டு தொழுகையும் முடிந்தன.

இதோடு நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. அந்தப் புதன்கிழமை சரக்கு லாரியோடு வந்த ஒருவன் இரண்டாவது வரிசை ஓரத்தில் நின்று தொழுதுவிட்டுப் போயிருந்தான். நீல லுங்கி, குதிகாலில் வெடிப்பு; எழுந்து போகும்போது பார்த்ததில் முக்தாருக்கு அவ்வளவுதான் ஞாபகம். ராணிப்பேட்டையிலிருந்து வந்த லாரி என்று கேட்டில் சொன்னார்கள், அங்கே போய்க் கேட்டதில் அந்த ஆள் வேலையை விட்டு நின்றுவிட்டான் என்றார்கள். இன்றைக்கும் எந்த ஊர்ப் பள்ளிவாசலுக்குப் போனாலும் முக்தாரின் கண் முன் வரிசைக் குதிகால்களைத்தான் முதலில் தேடுகிறது.

அதைவிடப் பெரிய தொல்லை வேறு ஒன்று வந்து சேர்ந்தது. சம்பந்தி ரஷீத் அஹமது ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்: "எங்க சம்பந்தி மாதிரி பணிவு யாருக்கு வரும்? முப்பது பேர் முன்னால நின்னு ஒத்துக்கிட்டாரே. அதுதான் அல்லாஹ் மேல இருக்கிற பயம், தக்வா." கல்யாண வீட்டில் எழுந்து இடம் கொடுத்தார்கள். உடம்பு சரியில்லாத பிள்ளைக்கு ஓதி ஊதிவிடச் சொல்லித் தண்ணீர் பாட்டிலோடு வந்து நின்றார்கள். முன்னைவிட மரியாதை ஜாஸ்தி. பணிவு என்று யாராவது சொல்லும்போது உள்ளுக்குள்ளே ஒரு மூலையில் இனிக்கிறது என்பதும், அந்த இனிப்புத்தான் தன்னை அந்தப் புதன்கிழமை விலகவிடாமல் நிற்க வைத்தது என்பதும் முக்தாருக்கு மட்டும்தான் தெரியும். கேட்டதும் எழுந்து போய்விடுகிறார்.

அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று அத்தனை பேரிடம் சொல்லியும் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. அதனால் யாராவது புகழ்ந்துவிட்ட நாளில், டீ நேரத்துக்குக் காத்திராமல் நேரே பசை செக்‌ஷனுக்குப் போய் நிற்பார். தவ்ஃபீக் மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, பக்கத்து மெஷின்காரனுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொல்வான்:

"வாங்க மூக்கு பாய்."