ஊரிலிருந்து வந்த மாத்திரை

எங்கள் தீவில், அபர்டீன் பஜார் மருந்துக்கடையில் மாத்திரை வாங்குகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் இன்னொன்று கேட்பார்கள்: "இது எந்தக் கப்பல்ல வந்தது?" வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. வெங்காயத்துக்குக் கேட்டால் சரி, தக்காளிக்குக் கேட்டால் சரி, காய்ச்சல் மாத்திரைக்குமா? வங்காளிக் கடைக்காரர் சளைக்காமல், "நயா மால் ஹை தீதி, மெயின்லேண்ட் கா" என்பார்; புதுச் சரக்கு அக்கா, அக்கரையிலிருந்து வந்தது என்று அர்த்தம். இந்தத் தீவில் மெயின்லேண்ட் என்பது இடத்தின் பெயர் மட்டுமில்லை, நற்சான்று. பாளையங்கோட்டையில் நான் சொத்தை என்று ஒதுக்கித் தள்ளிய கத்தரிக்காய் இங்கே அந்த ஒரு சொல்லின் தயவில் ராஜமரியாதையோடு தராசில் ஏறும்.

என் வேலை என்னவென்று ஊரில் ஒருத்தருக்கும் விளங்கவைக்க முடிந்ததில்லை. மருந்து கடைக்கு வந்துவிட்டால் சோதனையெல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். அப்படியில்லை. சோதித்தபோது கண்ணில் படாத கெடுதல், ஊர் உலகமெல்லாம் விழுங்கிய பிறகு தெரியவரும். எந்த மருந்து யாருக்கு என்ன செய்தது என்று விசாரித்து மெயின்லேண்டுக்கு எழுதி அனுப்புவதற்காக ஆஸ்பத்திரியில் என்னை உட்காரவைத்திருக்கிறார்கள். "ஓ, மருந்துக்குப் போலீசா!" என்றாள் என் தங்கை. ஆமாம், லத்தியில்லாத போலீஸ். எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் எங்களுக்கு ஆள் அனுப்புவார்கள்.

ஸ்டெல்லாவையும் அப்படித்தான் முதலில் பார்த்தேன். வண்டூரில் வீடு. கணவர் அந்தோணி மீன்பிடிக்கிறவர். இருவருக்கும் பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். ஸ்டெல்லாவுக்கு முகத்தில் ஒரு பக்கம் நரம்பு வலி. காற்றுப் பட்டால் போதும், கரண்ட் அடித்தமாதிரி துடித்துப்போவாள். டாக்டர் கொடுத்த மாத்திரையில் வலி ஓடியே போனது. சில வாரங்களில் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, வாய்க்குள் புண். டாக்டர் உடனே மாத்திரையை நிறுத்தியதால் பிழைத்தாள். கட்டிலருகே உட்கார்ந்து, "இந்த மருந்து உங்க உடம்புக்கு ஆகாது. ஜென்மத்துக்கும் தொடக்கூடாது. எந்த டாக்டர்கிட்ட போனாலும் சொல்லணும்" என்று சொல்லி, மருந்தின் பெயரை எழுதிய அட்டை ஒன்றையும் கையில் கொடுத்தேன்.

"அந்த மாத்திரையத் தின்ன பெறவுதானக்கா நான் சோத்த மென்னு தின்னேன். அதப் போயி ஆகாதுன்னு சொல்லுதியளே" என்றாள். முகத்தில் நன்றியைக் காணோம், ஏமாற்றம்தான் இருந்தது.

மாற்று மருந்து எப்படியிருக்கிறது என்று கேட்க ஒருநாள் வண்டூர் பஸ் ஏறினேன். சேலைத் துணியால் தாடையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கஞ்சித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விழுங்கிக்கொண்டிருந்தாள். மாற்று மருந்துக்கு அவளுடைய வலி அடங்கவேயில்லை. அந்தோணி முற்றத்தில் வலையை உதறிப்போட்டுவிட்டு வந்தார்.

"மருந்து நல்ல மருந்துதான் மேடம். நம்ம தீவுக்கு வார மாத்திரை கப்பலுக்குள்ள கிடந்து வெந்து, உப்புக்காத்துல ஊறில்லா வருது. அந்தச் சரக்குதான் கெட்டுப்போச்சி."

"சரக்கு கெடலண்ணே. எங்கேர்ந்து வந்தாலும் அது அதே மருந்துதான். அவங்க உடம்புதான் அதைத் தாங்காது."

"அச்சா மேடம்" என்றார்.

இந்தத் தீவுக்காரர்கள் அச்சா என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நீ சொன்னது காதில் விழுந்தது, அவ்வளவுதான். இத்தனை வருஷம் இங்கே இருந்தும் நான் அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டேன். கிளம்பும்போது ஸ்டெல்லா ஒரு பொட்டலம் கருவாடு கட்டிக்கொடுத்தாள். "ஊர்க் கருவாடு மாதிரி வராதுக்கா, கோவிச்சுக்கிடாதீங்க" என்றாள். எதிரே கடல், அவள் புருஷன் பிடித்த மீன், அவள் கையால் உப்பிட்டுக் காயவைத்தது, அதற்கும் மன்னிப்பு. நானும் பெரிய நியாயஸ்தி மாதிரி, "ஆமா, ஊர்ல உள்ளது தனிதான்" என்றேன்.

அடுத்தமுறை அவளைப் பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை. வெந்நீர் கொட்டியதுபோல் தோல் வழன்றுகொண்டிருந்தது. கண் திறக்க முடியவில்லை. வார்டு வாசலில் நின்ற அந்தோணி, நான் கேட்காமலே சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். ஒன்றிரண்டுதான் குறைந்திருந்தது.

"எம்மச்சான் தூத்துக்குடில வாங்கி, கப்பல்ல வார ஆள்கிட்ட குடுத்துவிட்டாவ. அதே மருந்துதான் மேடம். ஆனா ஊர் மருந்து."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. படித்துப்படித்துச் சொன்னேனே ஐயா என்று கத்தவேண்டும்போல் இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? தங்கச்சி வலியில் துடிக்கிறாள் என்று போனில் கேட்டு, கடைகடையாக ஏறி இறங்கி வாங்கி, புறப்படுகிற கப்பலில் ஆள் பிடித்துக் கொடுத்தனுப்பிய அந்த அண்ணனையா? ஊரில் நம்மேல் பாசம் வைத்திருக்கிறவர்கள் செய்கிற காரியம்தானே அது.

ஸ்டெல்லா பிழைக்கவில்லை. வண்டூரிலேயே அடக்கம் செய்தார்கள். அண்ணனுக்கு அந்த வாரக் கப்பலிலும் இடம் கிடைக்கவில்லை, விமானத்திலும் கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்து வாசலில் அந்தோணி என் பக்கத்தில் வந்து நின்றார். அழுது அழுது குரல் போயிருந்தது.

"அப்ப ஊர் மருந்தும் கெட்டுப்போச்சா மேடம்?"

இல்லை அண்ணே, நல்ல மருந்துதான், அதனால்தான் கொன்றது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

நடந்ததை எழுதி அனுப்பினேன். பெற்றுக்கொண்டோம் என்று மெயின்லேண்டிலிருந்து பதில் வந்தது. எங்கெங்கிருந்தோ வருகிற கணக்குகளோடு இதுவும் சேரும். என்றைக்காவது யாராவது ஒருத்திக்கு உதவும் என்று சொல்கிறார்கள். இருக்கலாம். அந்த மருந்து எத்தனையோ பேருக்கு நல்லது செய்வதும் உண்மை. எனக்கென்னவோ மனது விட்டுப்போய்விட்டது. ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களே, எங்களுக்குக் கறிவேப்பிலைப் பொடி அனுப்புங்கள், அல்வா அனுப்புங்கள். வேண்டாம் என்று டாக்டர் நிறுத்திய மருந்தை மட்டும் அனுப்பாதீர்கள். இதைச் சொல்லும்போதே யாரும் கேட்கப்போவதில்லை என்றும் தெரிகிறது.

ஏனென்றால் நானே கேட்கிறதில்லை. எனக்குத் தைராய்டு. அதற்கான மாத்திரை குட்வில் எஸ்டேட்டில் என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்துக் கடையில் கிடைக்கிறது; அதே கம்பெனி, அதே அட்டை. போன வாரமும் தங்கை கொடுத்தனுப்பிய பொட்டலத்துக்காகக் கப்பல் துறையில் காத்துக்கிடந்தேன். என்னோடு நின்ற கூட்டத்தில் பாதிப் பேர் மருந்துக்காகத்தான் நின்றார்கள். எல்லோரையும் பிடித்து உலுக்கவேண்டும்போல் இருந்தது. வீட்டில் இரண்டு அட்டைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை. மறுநாள் காலையில் வெறும் வயிற்றில் கை தானாகப் போய் எடுத்தது தங்கை அனுப்பியதைத்தான். இது நல்லது என்று நினைத்துக்கொண்டேதான் விழுங்கினேன்.